மங்கோலியாவிலிருந்து ஒரு கூடைப்பந்து வாழ்க்கை: என்பிஏ மட்டும்தான் கணக்கா?

கேள்வி, 2025 ஜூலை 1

உலான்பாத்தரில் நடந்த 3×3 (அணிக்கு மூவர் ஆடும் கூடைப்பந்து) உலகக் கோப்பையில் மங்கோலியப் பெண்கள் இறுதிப்போட்டி வரை வந்ததைப் பார்த்தேன். சந்தோஷம். ஆனால் நேராகவே கேட்கிறேன், அந்த நாட்டிலிருந்து உருப்படியான தொழில்முறை ஆட்டக்காரர் என்று யாராவது உண்டா? அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவில் இதுவரை ஒருவர்கூட ஆடியதில்லை. மைக் ஷராவ்ஜாம்ட்ஸ் மட்டும் அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ஆடிக்கொண்டிருக்கிறார். அவர் என்பிஏவுக்குள் போகும் நாளில்தான் மங்கோலியாவின் கூடைப்பந்து வரலாறு தொடங்கும் என்பது என் கருத்து. அரை கோர்ட்டில் பத்து நிமிடம் ஆடுவதையெல்லாம் ஒரு தொழில் என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

பதில், 2025 ஜூலை 1, இரவு

முடியும். ஆளையே காட்டுகிறேன்: ஹுலான் ஓனோல்பாத்தர். நீங்கள் பார்த்த அதே அணிதான். போன ஞாயிறு, ஜூன் 29 அன்று, சுக்பாத்தர் சதுக்கத்தில் நெதர்லாந்திடம் தோற்று வெள்ளியோடு நின்றார்களே, அந்த அணியின் முகம் அவர்.

2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் மங்கோலியக் கொடியைப் பிடித்துக்கொண்டு வந்த இருவரில் ஒருவர் இவர். இன்னொருவர் ஜூடோ வீரர் துரென்பாயர் உல்சிபாயர். மல்யுத்தமும் ஜூடோவும் குத்துச்சண்டையும் பதக்கம் வாங்கித் தந்த நாட்டில், கொடியை ஒரு கூடைப்பந்துக்காரியிடம் கொடுத்தார்கள். மங்கோலியாவிலிருந்து ஓர் அணி விளையாட்டு ஒலிம்பிக்ஸுக்குப் போனது அதுவே முதல் முறை. வரலாறு எப்போது தொடங்கும் என்று கேட்கிறீர்கள். தொடங்கி நாலு வருஷம் ஆகிவிட்டது.

மங்கோலியர்களும் அன்றாடப் புழக்கத்தில் நம்மைப் போலவே அப்பா பெயரை இனிஷியலாகப் போடுகிறவர்கள். அங்கே அவரை ஓ.ஹுலான் என்றுதான் எழுதுகிறார்கள். இனி நானும் ஹுலான் என்றே எழுதுகிறேன்.

2025 ஜூலை 2

நேற்று அவசரமாக எழுதியதில் முக்கியமான விஷயம் விட்டுப்போய்விட்டது. டோக்கியோவுக்கு அவர்கள் எப்படிப் போனார்கள்?

தகுதிச்சுற்று ஆடி ஜெயித்துப் போகவில்லை. 2019 நவம்பர் தரவரிசையை வைத்து நேரடியாக இடம் கிடைத்தது. பெண்கள் பிரிவில் அப்படி இடம் பிடித்த நாடுகள் நாலு: ரஷ்யா, சீனா, மங்கோலியா, ருமேனியா. முதல் இரண்டையும் பாருங்கள், மூன்றாவதையும் பாருங்கள். மங்கோலியாவின் மொத்த மக்கள்தொகையே சுமார் 35 லட்சம்தான்.

தரவரிசை போட்ட முறைதான் இதில் அழகு. தேசிய அணியின் முடிவுகளை மட்டும் வைத்து நாட்டைத் தரம் பிரிக்கவில்லை. அந்த நாட்டு ஆட்டக்காரர்களில் அதிகப் புள்ளி வைத்திருக்கும் 100 பேரின் புள்ளிகளைக் கூட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் முந்தைய 12 மாதங்களில் ஆடியவற்றில் சிறந்த 9 போட்டிகள் கணக்கு. பெரிய போட்டிக்கு அதிகப் புள்ளி, சின்னப் போட்டிக்குக் குறைவு, ஆனால் எதுவும் வீண் போகாது. சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் தளத்தில் பெயரைப் பதிந்துகொண்டு, அங்கீகரித்த ஒரு போட்டியில் ஆடினால் போதும், தெருமுனைக் கோர்ட்டில் ஆடியதும் நாட்டின் கணக்கில் ஏறும்.

ஆக, நட்சத்திரங்கள் நாலு பேர் இருந்தால் மட்டும் அந்த இடம் கிடைத்திருக்காது. நூறு பெண்கள் இடைவிடாமல் ஆடியிருக்க வேண்டும், அவர்களுக்குப் போட்டி நடத்த ஆள் இருந்திருக்க வேண்டும், முடிவுகளை ஒழுங்காகப் பதிவேற்ற ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். ஹுலான் கையில் இருந்த கொடியில் அந்த நூறு பேருக்கும் பங்கு உண்டு. எந்த என்பிஏ ஒப்பந்தத்திலும் இந்தக் கணக்கு வராது.

நம் பக்கம் யோசித்துப் பாருங்கள். 140 கோடிப் பேர். 1980 மாஸ்கோவுக்குப் பிறகு இந்தியக் கூடைப்பந்து அணி எதுவும் ஒலிம்பிக்ஸ் பார்க்கவில்லை. உயரமில்லை, உடம்பில்லை என்று காரணம் சொல்லிச் சொல்லியே நாற்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியாயிற்று. மங்கோலியர்கள் உயரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவில்லை, போட்டி நடத்தினார்கள்.

2025 ஜூலை 2, கொஞ்ச நேரம் கழித்து

டோக்கியோவில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எட்டு அணிகள், எல்லாரும் எல்லாரோடும் ஆட வேண்டும், கடைசி இரண்டு அணிகள் வெளியே. மங்கோலியா வெளியே போன இரண்டில் ஒன்று. இதை மறைக்க எனக்கு எந்தத் தேவையும் இல்லை. எதிரே நின்ற அமெரிக்க அணியில் கெல்சி பிளம், ஜாக்கி யங் இருந்தார்கள், இருவருமே தத்தம் ஆண்டு, அமெரிக்கப் பெண்கள் லீகான டபிள்யூஎன்பிஏ அணிகள் புதியவர்களை எடுக்கும் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர்கள். அதற்கு மேல் கொரோனா. 2020 தொடக்கத்திலேயே மங்கோலியா எல்லையை மூடிவிட்டது. தகுதி பெற்றதற்கும் ஆடியதற்கும் நடுவே ஒன்றரை வருஷத்துக்கு மேல் போய்விட்டது.

அங்கே தோற்ற அதே ஹுலான் 2025-ல் உலகக் கோப்பை இறுதிக்கு வந்தார். இதற்கு நடுவில் 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் மங்கோலியப் பெண்கள் 3×3-ல் வெள்ளி, சீனாவுக்குத் தங்கம். தொழில் வாழ்க்கை என்று நான் சொல்வது இந்த ஏறுமுகத்தைத்தான்.

2025 ஜூலை 5

"பத்து நிமிட ஆட்டம்" என்ற உங்கள் வார்த்தை மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால் கோர்ட்டுக்குள் இறங்கியே பேசுகிறேன். சாயங்காலங்களில் பக்கத்து மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். சிமெண்ட் கோர்ட். ஒரு பக்கத்து ரிங் மட்டும்தான் நேராக நிற்கும், எதிர்ப்பக்கத்து போர்டு எப்போதோ போய்விட்டது. அதனால் நாங்கள் விரும்பியா ஆடினோம், வழியில்லாமல் அரை கோர்ட். முதலில் எனக்கும் இது ஏதோ அரைகுறை ஆட்டமாகத்தான் பட்டது. விதிகளை முறையாகப் படித்து, விசில் ஊதி, கடிகாரம் வைத்து ஆடவிட்டபோதுதான் விஷயம் புரிந்தது.

ஒரு கூடை விழுந்த பிறகு நடப்பதை மட்டும் பாருங்கள். ஐவர் ஆட்டத்தில் பந்தை எடுத்துக் கோட்டுக்கு வெளியே போய் உள்ளே போடுவோம், அதற்குள் எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாக எதிர்ப்பக்கம் ஓடுவார்கள். இங்கே அந்த இடைவெளியே கிடையாது. வலை வழியாகப் பந்து இறங்கும்போதே புள்ளி விட்டுக்கொடுத்த அணிக்காரி அதைக் கீழே பிடித்துவிடுவாள். பிடித்ததும் டிரிபிள் பண்ணியோ பாஸ் போட்டோ வளைவுக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். அதுவரை கூடை போட்டுக் கையை உயர்த்திக்கொண்டிருந்தவள் அந்த நொடியே தடுப்பாளி. கொண்டாட நேரமில்லை, கோபப்பட நேரமில்லை, திரும்பிப் பார்த்தால் எதிராளி வெளியே நின்று குறி வைத்துக்கொண்டிருப்பாள். கூடைக்கு எறிந்தாக வேண்டிய கெடு, அதாவது ஷாட் கிளாக், 12 விநாடி. ஐவர் ஆட்டத்தில் 24.

கோட்டுக்கு உள்ளேயிருந்து போட்டால் 1, வெளியிலிருந்து போட்டால் 2. இது சின்ன மாற்றம் மாதிரி தெரியும். ஐவர் ஆட்டத்தில் தூர ஷாட்டுக்கு 3, கிட்ட 2, அதாவது ஒன்றரை மடங்கு. இங்கே நேராக இரட்டிப்பு. அதனால் தூரத்திலிருந்து அடிக்கத் தெரிந்த ஆளை ஒரு நொடிகூடத் தனியே விட முடியாது. அவளைத் துரத்தி வெளியே போனால் உள்ளே ஓட்டை விழும். மூன்றே பேர்தானே, உதவிக்கு வர யார் இருக்கிறார்கள்? ஹுலான் மாதிரி பந்தையும் கையில் வைத்துக்கொண்டு வெளியிலிருந்தும் அடிக்கக்கூடிய கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற ஆள்) இந்த ஆட்டத்தில் தங்கம் என்பது இதனால்தான். பத்து நிமிடத்துக்குள் எந்த அணி முதலில் 21 தொட்டாலும் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

பிள்ளைகளில் ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு, நல்ல உயரம், எப்போதும் ரிங்குக்கு அடியிலேயே நின்று பழகியவள். அரை கோர்ட் ஆட ஆரம்பித்ததும் அவளும் வெளியே வந்து பந்தைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பந்து அவள் முட்டியில் இடித்து ஓடும், அவள் துரத்திக்கொண்டு ஓடுவாள், மற்றவர்கள் கத்துவார்கள். இப்போது இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு தலையை நிமிர்த்திப் பார்க்கிறாள். மூவர் ஆட்டத்தில் ஒளிந்துகொள்ள இடமில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே இதை எல்லாப் பள்ளிக்கும் கொண்டுபோக வேண்டும் என்று நினைக்கிறேன்.

2025 ஜூலை 6

இன்னொன்று. டோக்கியோவில் பயிற்சியாளருக்கு பெஞ்சே கிடையாது. மூன்று பேர் உள்ளே, ஒருத்தி மாற்று ஆள், அவ்வளவுதான் அணி. எப்போது ஆளை மாற்றுவது, டைம் அவுட் எப்போது கேட்பது, யார் யாரைப் பிடிப்பது, எல்லாம் அந்த நாலு பேர் முடிவு. தனிநபர் ஃபவுலுக்காக யாரையும் வெளியே அனுப்புவதில்லை, ஆனால் அணியின் ஏழாவது ஃபவுலிலிருந்து எதிராளிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, பத்தாவதிலிருந்து அதோடு பந்தும் அவர்களுக்கே. கை வலிக்கும் அளவுக்குத் தள்ளுமுள்ளு நடக்கும்போது இந்தக் கணக்கையும் தலையில் வைத்திருக்க வேண்டும். இதையெல்லாம் செய்கிறவரைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது?

2025 ஜூலை 11

மைக்கை நான் குறைத்துப் பேசுவதாக இரண்டு பேர் வருத்தப்பட்டிருக்கிறார்கள். இல்லை. அந்தப் பையனை ரொம்பவே பிடிக்கும். இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், அந்த உயரத்தில் கார்டு மாதிரி பாஸ் போடுகிறவர் அபூர்வம். டேட்டனில் 2022-23 பருவம், அடுத்தது சான் பிரான்சிஸ்கோ, அப்புறம் யூட்டா, இப்போது தென் கரோலினா. வருஷத்துக்கு ஒரு கல்லூரி என்று கேலி செய்கிறார்கள். இன்றைய அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் அணி மாறாதவரைத்தான் தேட வேண்டும், விதிகள் தளர்ந்ததிலிருந்து பாதிப் பேர் அப்படித்தான் போகிறார்கள். டேட்டன் ரசிகர்கள் அவரை மங்கோலியன் மைக் என்றே கூப்பிட்டார்கள்.

அவருடைய அப்பா கதை இன்னும் பெரியது. ஷராவ்ஜாம்ட்ஸ் செரென்ஜான்ஹோர், ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணியில் ஆடியவர். குளோப்டிராட்டர்ஸ் ஊர் ஊராகப் போய் வித்தை காட்டி ஆடும் காட்சி அணி, லீக் அணி இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்தச் சட்டையை ஒரு மங்கோலியர் போட்டதே எவ்வளவு பெரிய தாண்டல் என்று யோசியுங்கள். 1990 வரை ஒரே கட்சி ஆட்சி, சோவியத் நிழல். அந்த நாட்டில் வளர்ந்தவர் அமெரிக்கக் கூட்டத்தின் முன்னால் பந்தைச் சுழற்றினார்.

எனக்குப் படுகிற ஒரே வித்தியாசம் இதுதான்: அப்பா, மகன் இருவரின் பாதையும் ஊரை விட்டுப் புறப்படுவதில் தொடங்குகிறது. ஹுலானின் பாதை உலான்பாத்தரில் தொடங்கி, உலகம் சுற்றி, திரும்பவும் உலான்பாத்தருக்கே வருகிறது.

2025 ஜூலை 12

நேற்று எழுதியதை நீட்டுகிறேன், ஏனென்றால் சுமோ ஞாபகம் வந்துவிட்டது. கூடைப்பந்துக்கு முன்னாலேயே மங்கோலியர்கள் தொழில்முறை விளையாட்டில் உச்சம் தொட்டுவிட்டார்கள், அது ஜப்பானின் சுமோ வளையத்தில். 2003-ல் அசாஷோர்யூ, சுமோவின் உச்ச நிலையான யோகோசுனா ஆனார், அந்த நிலையை எட்டிய முதல் மங்கோலியர். அவருக்குப் பின் வந்த ஹாகுஹோ போட்டித்தொடர்களில் 45 சாம்பியன் பட்டங்கள் வென்று 2021-ல் ஓய்வு பெற்றார், அந்த எண்ணை வேறு யாரும் தொட்டதில்லை. இந்த வருஷம் ஜனவரியில் யோகோசுனா ஆன ஹோஷோர்யூ, அசாஷோர்யூவின் அண்ணன் மகன். அப்படி ஒரு பரம்பரையே இருக்கிறது.

ஆனால் விலை என்ன? பதின்ம வயதில் ஊரை விட்டுப் போக வேண்டும். பெயரே மாறிவிடும். சுமோ சங்கத்தில் மூத்தவராகத் தொடர வேண்டுமானால் ஜப்பானியக் குடியுரிமை வேண்டும், ஹாகுஹோ 2019-ல் அதை வாங்கினார். அவருடைய அப்பா முன்க்பாத் 1968 மெக்சிகோவில் மல்யுத்தத்தில் வெள்ளி வென்றவர், மங்கோலியாவுக்கு ஒலிம்பிக்ஸில் கிடைத்த முதல் பதக்கங்களில் ஒன்று அது. அப்பா நாட்டுக்கு வாங்கிக் கொடுத்தார், மகன் அந்த நாட்டுக் குடியுரிமையையே விட வேண்டியதாயிற்று. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. பிழைப்பும் பெருமையும் அங்கே இருந்தது, போனார்கள்.

ஒரு மங்கோலிய ஆட்டக்காரர் உள்ளூரில் வீட்டை வைத்துக்கொண்டு, சொந்த நாட்டுப் பெயரோடு உலகப் போட்டிகளில் ஆடிப் பெயர் வாங்க 3×3 ஒரு வழி திறந்திருக்கிறது. என்பிஏவை மட்டும் அளவுகோலாக வைத்தால் இது கண்ணுக்கே தெரியாது.

2025 ஜூலை 12

ஆண்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்கிறார்கள். துல்கூன் எங்பாத் பெயரைத் தேடுங்கள், உலான்பாத்தர் அணியோடு உலகச் சுற்றுப் போட்டிகளில் வருஷக்கணக்காக ஆடுகிறவர். கூடவே தவாசம்பு தெல்கெர்ன்யாம். ஹாங்சோவில் மங்கோலிய ஆண்களுக்கு வெண்கலம், தைவான் தங்கம், கத்தார் வெள்ளி.

2025 ஜூலை 20

இரண்டு நாளாக ஒரு எதிர்வாதத்தை மனதில் உருட்டிக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்கும் முன்னால் நானே எழுதிவிடுகிறேன். தொழில் என்றால் சோறு போட வேண்டும். பதக்கமும் கொடியும் வாடகை கட்டாது. 3×3 அதைச் செய்கிறதா?

நம் ஊரில் கூடைப்பந்து ஆடியவர்களுக்கு இந்தக் கேள்வி ரொம்ப நெருக்கமானது. இங்கே "நன்றாக ஆடினால் எங்கே போவாய்?" என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: ஸ்போர்ட்ஸ் கோட்டா. ரயில்வே, வங்கி, போலீஸ். வேலை கிடைக்கும், அந்த அணிக்கு ஆடலாம், ஆட்டம் முடிந்த பிறகும் பென்ஷன் வரை பாதுகாப்பு. அது மோசமான ஏற்பாடு இல்லை, எத்தனையோ குடும்பங்களை அது கரையேற்றியிருக்கிறது. என்னோடு ஆடியவர்களில் வேலை கிடைத்தவர்கள் ஆட்டத்தில் தொடர்ந்தார்கள், கிடைக்காதவர்கள் கல்யாணத்தோடு ஷூவைக் கழற்றி வைத்தார்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் எல்லாரையும்விட நன்றாக ஆடுவாள். இன்றைக்கும் அவள் ஞாபகம் வந்தால் வயிறு எரிகிறது.

மங்கோலியாவில் அந்த இடத்தில் தனியார் ஆதரவு வந்து நிற்கிறது. உலான்பாத்தர் எம்எம்சி எனர்ஜி என்று அணியின் பெயரிலேயே ஆதரவாளர் பெயர் இருக்கும். ஆதரவாளர் மனம் மாறினால் அணி என்ன ஆகும் என்ற பயம் இதில் எப்போதும் உண்டு. பெண்கள் நிலை இன்னும் நூலிழை, ஆண்களுக்கான உலகச் சுற்று ஊர்ப் பெயர் கொண்ட அணிகளை வைத்து நடக்கிறது, பெண்கள் தொடரில் பெரும்பாலும் தேசிய அணிகள். அங்கே ஹுலான் ஆட வேண்டுமானால் தேசியக் கூட்டமைப்பின் ஆதரவு வேண்டும்.

ஆகவே இந்தப் பாதையைச் சொர்க்கம் என்று நான் விற்கவில்லை. ஆனால் வருஷத்துக்கு 60 பேரைத்தான் என்பிஏ தேர்வில் எடுப்பார்கள், 2025-ல் அதுகூட 59 ஆகக் குறைந்தது. உலகம் முழுவதற்கும் சேர்த்து அந்தத் தேர்வின் வாசல் அவ்வளவுதான். அந்த வாசலில் நுழைந்தால்தான் வாழ்க்கை என்று ஒரு பதினைந்து வயதுப் பெண்ணிடம் சொல்லவே முடியாது, அது ஆண்கள் லீக்.

2025 ஜூலை 21

உலகக் கோப்பை நடந்த இடத்தைப் பற்றி ஒருவர் கேட்டார். சுக்பாத்தர் சதுக்கம் நகரத்தின் நடு மையம், அரசு மாளிகைக்கு முன்னால், செங்கிஸ் கான் சிலை பார்த்துக்கொண்டிருக்கும் இடம். அங்கே தற்காலிக அரங்கம் கட்டி ஆடினார்கள். அதே சதுக்கத்தில் மே நடுவிலிருந்து இளைஞர்கள் பிரதமருக்கு எதிராகப் போராடிக்கொண்டிருந்தார்கள், ஜூன் 3-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் நம்பிக்கை வாக்கு கிடைக்காமல் ஒயுன்-எர்தேன் பதவி இழந்தார். மூன்று வாரம் கழித்து அதே கற்களுக்கு மேல் கோர்ட் விரித்து உலக அணிகள் ஆடின.

ஒரு அரை கோர்ட்டும் ஒரு ரிங்கும் போதும் என்பதால்தான் இதை ஊர் நடுவே கொண்டுவந்து வைக்க முடிகிறது. உலான்பாத்தரில் குளிர்காலத்தில் மைனஸ் 30 சர்வசாதாரணம். வருஷத்தில் பாதி நாள் வெளியே ஆடவே முடியாது. உள்ளரங்கில் சின்ன இடத்தில் நிறையப் பேர் ஆட வேண்டிய நாடு, மூவர் ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

2025 ஆகஸ்ட் 3

"ஏழை நாடுகளின் கூடைப்பந்து" என்று ஒருவர் 3×3-ஐ ஒதுக்கியிருக்கிறார். டோக்கியோவில் ஆண்கள் தங்கம் லாட்வியாவுக்கு. இருபது லட்சம்கூட மக்கள் இல்லாத நாடு, ஆனால் ஏழை நாடு இல்லை. பாரிஸில் ஆண்கள் தங்கம் நெதர்லாந்துக்கு, பெண்கள் தங்கம் ஜெர்மனிக்கு.

அந்தப் பாரிஸ் ஆண்கள் இறுதிப்போட்டியை யூடியூபிலாவது பாருங்கள். பிரான்ஸ் சொந்த மண்ணில் ஆடுகிறது. ஆட்டம் சமன். கூடுதல் நேரத்துக்குக் கடிகாரமே கிடையாது, முதலில் 2 புள்ளி எடுத்தவர் ஜெயித்தார். வொர்தி டி யோங் வெளியிலிருந்து ஒரு ஷாட், 18-17, தீர்ந்தது. நான் பிள்ளைகளுக்கு இதைப் போட்டுக் காட்டினால் ஒருத்தியும் போனைத் தொடுவதில்லை.

2025 அக்டோபர் 19

இந்த இழை தூங்கிவிட்டது என்று நினைத்தேன், யாரோ எழுப்பியிருக்கிறார்கள். ஐவர் ஆட்டத்தில் மங்கோலியா ஒன்றுமே இல்லையா என்று கேள்வி.

அப்படியும் இல்லை. இந்த ஜூனில் துபாயில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் உலான்பாத்தரின் காஸ் பிராங்கோஸ் ஆடியது. இந்தப் பருவத்தில் கிழக்கு ஆசிய சூப்பர் லீக்கில் ஸாவ்கான் பிரதர்ஸ் இருக்கிறது, ஜப்பான், கொரியா, தைவான், பிலிப்பைன்ஸ் அணிகளோடு அதே பட்டியலில். தேசிய அணி ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் சீனா, ஜப்பான், குவாம் இருந்த பிரிவில் மாட்டிக்கொண்டது, தாண்ட முடியவில்லை.

மூவர் ஆட்டம் ஐவர் ஆட்டத்தைச் சாப்பிட்டுவிடும் என்று சிலருக்குக் கவலை. மங்கோலியாவைப் பார்த்தால் எனக்குத் தலைகீழாகத்தான் தோன்றுகிறது. பக்கத்து வீட்டு அக்கா ஒலிம்பிக்ஸில் கொடி பிடித்தாள் என்றால் பிள்ளைகள் பந்தைத் தூக்குவார்கள். தூக்கிய பிறகு சிலர் மூவராகவும் சிலர் ஐவராகவும் பிரிவார்கள். பந்து ஒன்றுதான் என்று எழுத வந்தேன், ஆனால் பந்தும் வேறு: 3×3 பந்தின் அளவு சின்னது, 6-ஆம் எண், எடை மட்டும் ஆண்களின் 7-ஆம் எண் பந்தின் எடை. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே பந்துதான். பெண் பிள்ளைகளின் கைக்கு அடங்கும், ஆனால் தூரத்திலிருந்து போட மணிக்கட்டில் பலம் வேண்டும். எங்கள் பிள்ளைகள் முதலில் தோளைத் தூக்கித் தள்ளித்தான் போட்டார்கள், முழங்காலை மடக்கிக் கீழேயிருந்து விசையைக் கொண்டுவரக் கற்றுக்கொள்ளவே நாள் பிடித்தது.

2025 நவம்பர் 9

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "சரி, ஹுலானை ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் மைக் என்பிஏ போனால் அதுதான் பெரிய செய்தி" என்று எழுதியிருக்கிறார். செய்தி என்று பார்த்தால் நிச்சயமாகப் பெரியதுதான். அவர் தென் கரோலினாவில் இந்தப் பருவம் நன்றாக ஆட வேண்டும், என்பிஏவோ ஐரோப்பாவோ ஜப்பானோ எங்கேயாவது நல்ல ஒப்பந்தம் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். 2015-ல் சத்னாம் சிங்கை டல்லாஸ் தேர்வில் எடுத்தபோது நாமும் இப்படித்தான் குதித்தோம். ஓர் ஆட்டம்கூட அவருக்கு என்பிஏவில் கிடைக்கவில்லை. அது அவர் குறை இல்லை, ஆனால் ஒரே ஓர் ஆள் தோளில் நாட்டின் கூடைப்பந்தையே ஏற்றி வைத்தோம், அவர் திரும்பி வந்ததும் பேச்சும் நின்றுபோயிற்று. மைக்குக்கு அப்படி நடக்காமல் இருக்க ஹுலானும் அந்த நூறு பெண்களும் அவசியம்.

அடுத்து என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு: 2026 செப்டம்பரில் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் ஆசிய விளையாட்டு, அதில் 3×3 உண்டு. சீனாவைத் தாண்ட மங்கோலியப் பெண்களுக்கு வாய்ப்பு. அப்புறம் 2028 லாஸ் ஏஞ்சலஸ். டோக்கியோவிலும் பாரிஸிலும் 8 அணிகள்தான், லாஸ் ஏஞ்சலஸில் 12 ஆக்கியிருக்கிறார்கள். பாரிஸுக்கு மங்கோலியா போக முடியவில்லை, நாலு இடம் கூடியிருப்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. ஃபிபா 3×3 சேனலில் ஆட்டங்கள் இலவசமாகவே வருகின்றன. மங்கோலியா ஆடும்போது ஸ்கோரைவிட, ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் முதல் மூன்று விநாடி யார் எங்கே ஓடுகிறார்கள் என்று பாருங்கள்.